உர்ஹோபோ மொழி: ஒலியும் இலக்கணமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெவெ, ருகெவெ, டெகா, ஏஜிரோ என்று பெயர் வைத்திருக்கும் நைஜீரியர் யாராவது உங்களுக்கு அறிமுகமா? அப்படியென்றால் உர்ஹோபோ இலக்கணத்தில் கொஞ்சம் ஏற்கெனவே உங்கள் காதில் விழுந்திருக்கிறது. இந்த மொழியில் ஒரு பெயர் என்பது பெரும்பாலும் ஒரு முழு வாக்கியம். ஒலிகளை முதலில் பார்த்துவிட்டு அந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக் கூச்சப்படாமல் இருந்தால் போதும்.

உர்ஹோபோ எங்கே பேசப்படுகிறது?

நைஜீரியாவின் தென்பகுதியில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டிய டெல்டா மாநிலத்தில். உகெல்லி, அக்பர்ஹோ, அப்ராக்கா, ஒரெரோக்பே, சப்பேலே, எஃபுருன், வாரி ஆகிய ஊர்களைச் சொல்லலாம். இதில் வாரி மட்டும் உர்ஹோபோக்காரர்களின் ஊர் என்று முடித்துவிட முடியாத இடம். அங்கே இட்செகிரி, இஜோ மக்களும் இருக்கிறார்கள். இட்செகிரி யொரூபாவுக்கு நெருங்கிய மொழி, இஜோ வேறு கிளை, உர்ஹோபோ எடோ கிளை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தானாகப் புரியாது.

பெனின் நகரத்தில் பேசும் எடோ மொழியின் கிளைமொழிதானே இது?

இல்லை. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் தனித்தனி மொழிகள். எடோ குடும்பத்தை நான்கு கிளைகளாகப் பிரித்துக் காட்டியவர் நைஜீரிய மொழியியலாளர் பென் எலுக்பே. அதில் பெனின் நகர எடோ வடமத்தியக் கிளை. உர்ஹோபோ தென்மேற்குக் கிளை. அதே கிளையில் இசோக்கோ, ஒக்பே, உவ்யே, எருவா ஆகியவையும் இருக்கின்றன. இந்தக் குடும்பம் மொத்தமும் நைஜர்-காங்கோ என்ற பெரிய ஆலமரத்தின் ஒரு விழுது.

ஒரு சிக்கல் உண்டு. ஒக்பே, உவ்யே மக்கள் அரசியலிலும் பண்பாட்டிலும் தங்களை உர்ஹோபோ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பேச்சை மொழியியலாளர்கள் தனி மொழியாக எண்ணுகிறார்கள். இசோக்கோவில் கதை வேறு: மொழி நெருக்கம், மக்கள் தனி அடையாளம். மொழிக்கோடும் இனக்கோடும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் என்று எதிர்பார்த்துப் போனால் குழம்பிப் போவீர்கள்.

பழைய நூல்களில் 'சோபோ' என்று வருகிறதே?

அதே மக்கள்தான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசிய மாலுமி துவார்த்தே பஷேகோ பெரெய்ரா அந்தக் கரையைப் பற்றி எழுதும்போதே 'சுபோ' என்பது போன்ற ஒரு பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் இட்செகிரிக்காரர்கள் 'உசோபோ' என்பார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் 'சோபோ' என்று எழுதினார்கள். உர்ஹோபோக்காரர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. 1931-இல் தொடங்கிய உர்ஹோபோ முன்னேற்றச் சங்கம் விடாமல் கேட்டு, 1938-இல் அரசு ஆவணங்களில் 'உர்ஹோபோ' என்று மாற்றவைத்தது.

பெயரில் நடந்த இந்த இழுபறிக்குப் பின்னால் ஓர் ஒலியும் இருக்கிறது. நடுவில் வரும் அந்த 'ர்ஹ' வெளியார் வாயில் எளிதில் நிற்காது. அது என்ன ஒலி என்பதைக் கீழே சொல்கிறேன்.

எத்தனை பேர் பேசுகிறார்கள்?

டெல்டா மாநிலத்தின் மிகப் பெரிய இனக்குழு இவர்கள்தான். துல்லியமான எண் கேட்டால் யாரும் தர முடியாது, காரணம் எளிது: 2006-இல் நைஜீரியா எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இனத்தையும் மதத்தையும் கேட்கவே இல்லை. இணையத்தில் கிடைக்கும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள்.

உர்ஹோபோ சொற்களைத் தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது?

அவர்கள் ரோமன் எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஈ, ஓ என்ற இரண்டு எழுத்துகளுக்கு அடியில் புள்ளி வைத்தும் வைக்காமலும் இரண்டு விதமாக எழுதுவார்கள். புள்ளி இல்லாவிட்டால் வாய் கொஞ்சம் மூடிய ஒலி, புள்ளி இருந்தால் வாய் திறந்த ஒலி.

இங்கே நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: புள்ளி இல்லாததை ஏ, ஓ என்று நெடிலாகவும், புள்ளி உள்ளதை எ, ஒ என்று குறிலாகவும் எழுதுகிறேன். அதற்காக நெடிலை இழுத்துச் சொல்லிவிடாதீர்கள். நமக்குக் குறில் நெடில் என்பது நேரக்கணக்கு, அவர்களுக்கு அது வாய் திறக்கும் அளவு. ஊர்ப்பெயர்களை மட்டும் வரைபடத்தில் இருக்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை: 'உர்ஹோபோ'வில் கடைசிப் 'போ', 'பஸ்' என்று சொல்லும்போது வரும் ப. 'பல்' என்பதில் வருவது அல்ல. தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

உயிரொலிகள் எத்தனை?

ஏழு: இ, ஏ, எ, அ, ஒ, ஓ, உ. இவற்றை மூக்கால் சொல்லும் வடிவங்களும் உண்டு. எடோ குடும்பத்தின் மூல மொழியில் பத்து இருந்ததாக மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார்கள். உர்ஹோபோவில் அவை சுருங்கிவிட்டன.

'உயிரிணக்கம்' என்கிறார்களே, அது என்ன?

ஒரு சொல்லுக்குள் வரும் உயிர்கள் ஒரே அணியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற வழக்கம். ஏ, ஓ ஓர் அணி. எ, ஒ எதிரணி. கடவுளைக் குறிக்கும் 'ஒகெனெ' என்ற சொல்லில் மூன்று உயிர்களும் புள்ளி வைத்தவை. ஊரைக் குறிக்கும் 'ஓரேரே'யில் மூன்றுமே புள்ளி இல்லாதவை.

இது சொல்லோடு நிற்காமல் 'அவர்' என்ற சிறு பிரதிப்பெயரையும் பிடித்துக்கொள்கிறது. 'அவரிடம் இருக்கிறது' என்பதற்கு 'ஓ வோ'. 'அவருக்குத் தெரியும்' என்பதற்கு 'ஒ ரியென்'. முன்னதில் வினை மூடிய அணி என்பதால் 'ஓ', பின்னதில் திறந்த அணி என்பதால் 'ஒ'. பிரதிப்பெயர் ஒன்றுதான், வினையைப் பார்த்து வேஷம் மாற்றிக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இகரமும் உகரமும் கொண்ட வினைகளில் சில ஓர் அணியோடும் சில மற்ற அணியோடும் சேரும். கேட்டால் ஒரே இ, ஒரே உ தான். அப்ராக்காவில் உள்ள டெல்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ரோஸ் அசிசா இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் இரண்டு இகரமும் இரண்டு உகரமும் இருந்து, ஒலி ஒன்றாகிவிட்ட பிறகும் பழைய அணிப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது என்பதுதான் விளக்கம். வீட்டை விற்ற பிறகும் பழைய முகவரிக்கே கடிதம் வருகிற மாதிரி.

இந்த வழக்கம் முழு ஒழுங்கும் இல்லை. 'பிள்ளைகள்' என்பதற்கு 'ஏமொ'. முதலில் மூடிய ஏ, அடுத்து திறந்த ஒ. விதியை நெட்டுரு போட்டு வருபவர்களை இப்படிப்பட்ட சொற்கள் அங்கங்கே தடுக்கி விழவைக்கும்.

சரி, அந்த 'ர்ஹ' என்ன ஒலி?

எழுத்தில் ரகரமும் ஹகரமும் சேர்ந்து நின்றாலும் ஒலி ஒன்றே. நாக்கு நுனி மேல் அண்ணத்தில் தட்டி அதிர வேண்டும், ஆனால் தொண்டை அதிரக் கூடாது. 'ற்ற்ற்' என்று நாக்கை உருட்டிக்கொண்டே குரலை நிறுத்தி, இரகசியம் பேசுகிற மாதிரி காற்றை மட்டும் விடுங்கள். கன்னியாகுமரிப் பக்கத்திலோ யாழ்ப்பாணத்திலோ றகரத்தை உருட்டிச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும்.

சாதாரண ரகரம் தனியாக இருக்கிறது, இரண்டையும் குழப்பக் கூடாது. மூன்று என்ற எண்ணுக்கு 'ஏர்ஹா'. அதில் குரல் இல்லாதது. 'ஓரேரே'யில் வருவது குரல் உள்ளது. ர, ற குழப்பத்துக்குப் பள்ளியில் மதிப்பெண் இழந்தவர்கள் நாம், இதைப் புரிந்துகொள்வோம்.

'க்ப', 'க்ப' என்று நிறைய வருகிறதே? அதை எப்படிச் சொல்வது?

இதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். 'அக்பொ' என்றால் உலகம், வாழ்க்கை. நாம் அதை 'அக்பர்' மாதிரி சொல்லிவிடுகிறோம். அக்பரில் முதலில் க் முடிகிறது, பிறகு ப தொடங்குகிறது. இரண்டு அடைப்பு, ஒன்றன் பின் ஒன்று. உர்ஹோபோவில் இரண்டு அடைப்பும் ஒரே நேரத்தில்: நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியிருக்கும்போதே உதடுகளும் மூடியிருக்க வேண்டும், பிறகு இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும்.

நான் பழகிய விதம் இது. கண்ணாடி முன்னால் நின்று 'க' சொல்லப் போவது போல நாக்கைத் தயார் செய்துகொள்ளுங்கள். சொல்லாதீர்கள். அப்படியே உதடுகளை மூடுங்கள். இப்போது 'அ' என்று திறங்கள். தண்ணீருக்குள் குமிழி உடைகிற மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம் வந்தால் சரி. 'க' என்று தனியாகக் காதில் விழுந்தால் உதடு தாமதம், திரும்பச் செய்யுங்கள். எனக்கு முதல் இரண்டு நாள் வெறும் 'ப' தான் வந்தது.

இதற்குக் குரலொலி ஜோடி ஒன்றும் உண்டு. அக்பர்ஹோ என்ற ஊர்ப்பெயரில் வருவது அதுதான். தமிழ் எழுத்தில் இரண்டும் 'க்ப' என்றே விழுகின்றன. ரோமனில் முன்னதற்குக் கே-பி, பின்னதற்கு ஜி-பி. இரண்டு எழுத்து எழுதினாலும் இதுவும் ஒற்றை ஒலி. ஆகவே அசை பிரிக்கும்போது அ-க்பொ என்றுதான் பிரியும், அக்-பொ என்று பிரியாது.

வகரம் மூன்றா?

ஆமாம், இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. முதலாவது, மேற்பல் கீழுதட்டில் உரசி வரும் ஆங்கில வி. அரசரைக் குறிக்கும் 'ஓவியே'யில் வருவது. இரண்டாவது, உதடு குவித்துச் சொல்லும் டபிள்யூ. மூன்றாவது, பல்லும் உதடும் நெருங்கும், ஆனால் உரசாது. இதை வி-டபிள்யூ என்று இரண்டு எழுத்து சேர்த்து எழுதுகிறார்கள். கெவெ என்ற பெயரில் வருவது இதுதான்.

இந்த மூன்றாவதைப் பார்த்து ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறுவார்கள். நாம் திணற வேண்டியதில்லை, அது நம்முடைய வகரமேதான். 'அவர்', 'இவை' என்று சொல்லும்போது பல் உதட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதே, அதே ஒலி. நாம் பழக வேண்டியது முதலாவதை.

வெளியார் காதுக்கு இது எப்படி விழுந்தது என்பதற்கு ஓர் ஊர் சாட்சி. வரைபடத்தில் அப்ராக்கா என்று இருக்கும் ஊருக்கு உர்ஹோபோவில் 'அவ்ராக்கா'. அந்த வகரம் வெளியார் எழுத்தில் பகரமாகிவிட்டது.

இன்னும் வித்தியாசமான மெய்கள் உண்டா?

ஃபகரம் இரண்டு. செல்வத்தைக் குறிக்கும் 'ஏஃபே'யில் பல் உதட்டில் படும். வாய்ப்பைக் குறிக்கும் 'உஃபென்' என்ற சொல்லில் இரண்டு உதடும் மட்டும்தான், சூடான காபியை ஊதுகிற மாதிரி. பின்னதை ரோமனில் பி-எச் என்று எழுதுவார்கள்.

அப்புறம் 'ஒகெனெ'யில் வரும் ககரம். இது 'கடல்' என்பதில் வருவது அல்ல. 'மகன்', 'பகல்' என்று சாதாரணமாகப் பேசும்போது தொண்டைப் பக்கம் உரசிக்கொண்டு போகிறதே, அதற்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் வந்துவிடும். மெய்கள் அடுக்கி வருவது குறைவு. வந்தாலும் பெரும்பாலும் ரகரம்தான் இரண்டாவதாக நிற்கும்: 'ம்ரெ' என்றால் பார்.

சொல்லின் கடைசியில் வரும் 'ன்' ஏன் காதில் விழவே இல்லை?

ஏனென்றால் அது மெய்யே இல்லை. உர்ஹோபோ அசை எப்போதும் உயிரில்தான் முடியும். கடைசியில் 'ன்' எழுதியிருந்தால், முன்னால் இருக்கும் உயிரை மூக்கால் சொல் என்று அர்த்தம். 'ரியென்' என்பதை நாக்கு ஒட்டாமல் முடிக்க வேண்டும். வீட்டுக்குச் சொல்லும் 'உவேவின்' என்ற சொல்லும் அப்படியே.

கடினம் என்று நினைக்காதீர்கள். 'வந்தேன்', 'அவன்', 'மரம்' என்று வீட்டில் பேசும்போது நீங்களே கடைசி மெய்யைச் சொல்வதில்லை. 'வந்தே' என்று மூக்கோடு முடித்துவிடுகிறீர்கள். எழுத்தில் மெய், வாயில் மூக்குயிர். அதே பழக்கம்தான்.

இது சுரமொழியா? சீன மொழி மாதிரியா?

சுரமொழிதான், ஆனால் சீன மொழியில் போல வளைந்து ஏறி இறங்கும் சுரங்கள் அடிப்படை இல்லை. இரண்டே மட்டம்: மேல், கீழ். அசைக்கு ஒன்று. எழுத்துக்கூட்டு ஒன்றாகவே இருந்து, சுரம் மாறினால் பொருள் மாறும் சொற்கள் உண்டு. அன்றாட எழுத்தில் சுரத்தைக் குறிப்பதில்லை, படிப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய தலைவலி. என்னைக் கேட்டால், பாடநூல்களிலாவது சுரக்குறி போட்டிருக்கலாம்.

படிக்கட்டு இறக்கம் என்று ஒன்றும் உண்டு. மேல் சுரத்துக்குப் பிறகு இன்னொரு மேல் சுரம் வரும்போது சில இடங்களில் அது ஒரு படி கீழே விழும். விழுந்தது விழுந்ததுதான், அதன் பிறகு அந்த வாக்கியத்தில் 'மேல்' என்பது இந்தப் புதிய உயரம். நீளமான வாக்கியத்தைக் கேட்டால் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வருகிற மாதிரி இருக்கும்.

சுரம் சொற்பொருளோடு நிற்பதில்லை, இலக்கண வேலையும் செய்கிறது. இரண்டு பெயர்ச்சொற்கள் உடைமை உறவில் சேரும்போது அவற்றின் சுரங்கள் மாறும். வினையின் காலத்தைப் பிரித்துக் காட்டுவதிலும் சுரத்துக்குப் பங்கு உண்டு. நமக்கு விகுதியில் இருக்கும் சில வேலைகள் அவர்களுக்கு இசையில் இருக்கின்றன.

எல்லாப் பெயர்ச்சொல்லும் உயிரில் தொடங்குவது தற்செயலா?

இல்லை, அதுதான் அமைப்பு. ஓவியே, ஓரேரே, அக்பொ என்று பாருங்கள்: முதல் உயிர் ஒரு முன்னொட்டு. அதை மாற்றினால் பன்மை வரும். 'ஓஹ்வோ' என்றால் ஆள், 'இஹ்வோ' என்றால் ஆட்கள். 'ஒமொ' பிள்ளை, 'ஏமொ' பிள்ளைகள். 'ஓபொ' கை, 'அபொ' கைகள். நாம் 'கள்' என்று பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்வாசலை மாற்றுகிறார்கள். எந்த உயிர் எதுவாக மாறும் என்பதைச் சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்வதுதான் வழி.

இதே முன்னொட்டு புதுச் சொற்களையும் உண்டாக்கும். 'ஓவியே' அரசர், 'உவியே' அரசு. 'டா' என்றால் சொல் என்ற வினை, 'ஓட்டா' என்றால் சொல் என்ற பெயர். 'கா' வழிபடு, 'எகா' வழிபாடு.

வெளியிலிருந்து வந்த சொல்லுக்கும் வாசலில் ஓர் உயிரை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதற்கு ஒரு நல்ல சான்று: செருப்புக்கு 'இசபாத்தோ'. போர்த்துகீசியர் விட்டுப்போன 'சபாத்து'தான் அது. யாழ்ப்பாணத்தில் இன்றும் சப்பாத்து என்கிறோமே, அதன் மேற்கு ஆப்பிரிக்கத் தம்பி. ரகரத்தில் தொடங்கக் கூடாது என்று இராமன், இரத்தினம் என்று எழுதினோமே, அந்த இகரமும் இந்த இகரமும் செய்வது ஒரே வேலை. ஆனால் அண்மைக்கால இரவல்கள் எல்லாம் இந்த விதிக்கு அடங்குவதில்லை. பைபிளை 'பைபோல்' என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

வினைக்கு விகுதி உண்டா?

தமிழோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். இறந்தகாலத்துக்கு ஒரு ரகர ஒட்டு வரும், அதன் உயிர் வினையைப் பார்த்து மாறும். டா, டாரே (சொன்னார்). ம்ரெ, ம்ரெரே (பார்த்தார்). ரு, ருரு (செய்தார்). சி, சிரி (எழுதினார்). எதிர்காலத்துக்கு வினைக்கு முன்னால் 'சா' என்ற சொல் நிற்கும், 'பச்சை'யில் வரும் சகர ஒலியோடு. நான், நீ, அவர் என்று ஆளுக்கு ஆள் வினை மாறாது. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று எழுதிப் பழகியவருக்கு இது விடுமுறை.

எதிர்மறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'இல்லை' என்று தனிச்சொல் வேண்டாம், கடைசி உயிரை நீட்டினால் போதும். 'ஒ ரியென்' – அவருக்குத் தெரியும். 'ஒ ரியென்-என்' – அவருக்குத் தெரியாது. 'ஓ வோ' – அவரிடம் இருக்கிறது. 'ஓ வோ-ஓ' – இல்லை. எழுதும்போது நடுவில் ஒரு சிறு கோடு போட்டு உயிரைத் திரும்ப எழுதுவார்கள். மொழி தெரியாதவர் உர்ஹோபோ செய்தித்தாளைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார். நீட்டலைக் கவனிக்காமல் விட்டால் 'தெரியாது' என்று சொன்னதைத் 'தெரியும்' என்று எடுத்துக்கொண்டு வீடு வந்து சேருவீர்கள்.

பெயரில் வாக்கியம் இருக்கிறது என்றீர்களே?

'ஒகெனெருகெவெ' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஒகெனெ – கடவுள். ரு – செய். கெ – கொடு. வெ – எனக்கு, என்னை. 'கடவுள் எனக்காகச் செய்தார்' என்று பொருள். 'எனக்காக' என்று சொல்லத் தனிச்சொல் வரவில்லை, 'கொடு' என்ற வினைதான் அந்த வேலையைச் செய்கிறது. 'செய்து கொடுத்தார்' என்று நாமும் சொல்கிறோமே, கையில் எதுவும் கொடுக்காமலே! அதே யுக்தி. நமக்குச் 'செய்து' என்று எச்சம் வேண்டும், அவர்களுக்கு 'ரு', 'கெ' என்று வினைகள் வெறுமனே வரிசையில் நிற்கும். மொழியியலில் இதைத் தொடர்வினை என்பார்கள். 'ஒகெனெகெவெ' என்று நடுவில் ஒரு வினையை எடுத்துவிட்டால், 'கடவுள் எனக்குக் கொடுத்தார்'. வீட்டில் கூப்பிடும்போது ருகெவெ, கெவெ.

'ஒகெனெடெகா' பாருங்கள். 'டே' என்றால் தகுதியாக இருத்தல், அடுத்து 'எகா', வழிபாடு. இரண்டு உயிர் மோதும்போது முன்னது விழுந்துவிடும்: டே, எகா சேர்ந்து டெகா. வழிபடத் தகுந்தவர் கடவுள். நாம் ய், வ் என்று உடம்படுமெய் போட்டுச் சமாதானம் செய்கிற இடத்தில் அவர்கள் ஒரு உயிரைக் கழற்றிவிடுகிறார்கள்.

2018 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்காக ஆடிய எட்டெபோவின் முதற்பெயர் ஒகெனெகாரோ. 'கடவுள் முதலில்' என்று பொருள். இந்தப் பெயர் இசோக்கோவிலும் உண்டு, பெயரை மட்டும் வைத்து ஆளை உர்ஹோபோ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

எல்லாப் பெயரும் பக்திப்பெயர் அல்ல. 'ஓனோரியோடே' என்று ஒரு பெயர். ஓனோ – யார், ரியென் – அறிவார், ஓடே – நாளை. 'நாளையை யார் அறிவார்?' பிறந்த குழந்தைக்கு ஒரு கேள்வியையே பெயராக வைத்துவிடுகிறார்கள். வினாச்சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் என்ற இலக்கணக் குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது.

வாக்கியத்தில் சொல் வரிசை எப்படி?

எழுவாய், வினை, செயப்படுபொருள். 'ஒ ம்ரெரே ஓரேரே ரோடே நா' – அவர் பார்த்தார் ஊர் பெரிய அந்த. இதைத் தமிழில் சொன்னால் 'அவர் அந்தப் பெரிய ஊரைப் பார்த்தார்'. எழுவாயை விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள்: அங்கே பார்த்தார், ஊர், பெரிய, அந்த. இங்கே அந்த, பெரிய, ஊர், பார்த்தார். கண்ணாடியில் பார்த்த மாதிரி அச்சாகத் தலைகீழ். 'ஐ' உருபும் கிடையாது, இடம்தான் உருபு.

எண்ணும் பின்னால் வரும்: 'இஹ்வோ இவெ', ஆட்கள் இரண்டு. பழைய எண்முறை இருபதை அடிப்படையாகக் கொண்டது. இருபது 'உஜே', நாற்பது 'உஜுவெ', அதாவது இருபது இரண்டு.

உடைமைக்கு நடுவில் 'ரெ' என்ற சிறு சொல். 'ஓட்டா ரெ ஒகெனெ' – கடவுளின் சொல். 'என் அம்மா' என்று சொல்ல அதுவும் வேண்டாம், 'ஓனி மெ' போதும். ஒரெரோக்பே என்ற ஊர்ப்பெயரும் இதே அமைப்புதான்: ஒக்பேக்களின் ஊர். உயிர்கள் மோதிக் கரைந்துபோனதால் அடையாளம் தெரியாமல் கிடக்கிறது.

அவன், அவள் வேறுபாடு உண்டா?

இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே பிரதிப்பெயர். நாம், நாங்கள் என்ற பிரிவும் கிடையாது, இரண்டுக்கும் 'அவன்ரே'. (நம் 'அவன்' மாதிரி கண்ணில் படும், ஏமாறாதீர்கள்.)

எந்த வட்டார வழக்கைப் படிப்பது?

அக்பர்ஹோ வழக்கைத்தான் பொதுவழக்காக எடுத்துக்கொள்கிறார்கள். பாடநூல், பைபிள், வானொலி என்றால் அதை ஒட்டியே இருக்கும்.

இளைஞர்கள் இதைப் பேசுகிறார்களா?

கிராமங்களில் பேசுகிறார்கள். வாரி, எஃபுருன், சப்பேலே மாதிரி நகரங்களில் ஆங்கிலச் சொற்களை வைத்து உருவான கலப்பு மொழியான நைஜீரியப் பிட்ஜின் முந்திக்கொண்டுவிட்டது. வாரியில் துறைமுகம், எண்ணெய் நிறுவனங்கள், 1978-இல் வந்த சுத்திகரிப்பு ஆலை என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நாலு மொழிக்காரர்கள் ஒரே சந்தையில் பேரம் பேச ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. அது முதலில் சந்தை மொழியாக இருந்தது, பிறகு வீட்டு மொழியாகவும் ஆகிவிட்டது. அங்கே பல குழந்தைகளுக்கு இன்று பிட்ஜின்தான் தாய்மொழி. பாட்டி உர்ஹோபோவில் கேட்க, பேரன் பிட்ஜினில் பதில் சொல்வான். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் காட்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெரியவர் ஒருவரைச் சந்தித்தால் என்ன சொல்வது?

'மிகுவொ' என்று சொல்லுங்கள். 'நான் மண்டியிடுகிறேன்' என்று பொருள். வழக்கப்படி மண்டியிட்டோ, முழங்காலைச் சற்று மடக்கியோ சொல்வார்கள். அதற்குப் பெரியவர் 'வ்ரெண்டோ' என்பார், எழுந்திரு என்று அர்த்தம். அது வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.